வயசுக்கு வந்துட்டா குழந்தைப் பருவம் முடிஞ்சுடுமா? முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையும் இன்றைய மருத்துவமும் சொல்லும் பதில்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில், உப்பளத்து வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. வீட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் கிராம சுகாதார செவிலியர் வந்து பதிவு செய்வார். அரசு தரும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி அந்தப் பெயரில்தான் வருகிறது. பணமாக 14,000 ரூபாய், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக.

இந்த உதவியை வாங்க ஒரு நிபந்தனை உண்டு. தாய்க்குக் குறைந்தது 19 வயசு ஆகியிருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்கும் அந்தப் பெயருக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. ஒரு பெண் பிள்ளையின் உடம்பில் தெரியும் மாற்றத்தை வைத்து அவள் வாழ்க்கையை முடிவு பண்ணக்கூடாது என்பதற்காக, கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே சட்டமன்றத்தில் போராடிய மருத்துவர் அவர்.

அவரைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. ஆறு, ஏழு வயசுப் பிள்ளைக்கு அக்குளில் முடி, வியர்வையில் பெரியவர்கள் மாதிரி வாடை, முகத்தில் பரு. இதைப் பார்த்ததும் பல வீடுகளில் அம்மாக்கள் பதறிப் போகிறார்கள். பிள்ளை சீக்கிரமே வயசுக்கு வந்துடுவாளோ, என்ன பண்றது என்று கவலை. இன்னொரு பக்கம், வயசுக்கு வந்ததுமே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் கல்யாணப் பேச்சை எடுக்கும் வீடுகளும் இன்னும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான்: உடம்பு காட்டும் அடையாளத்தையே முதிர்ச்சி என்று எடுத்துக்கொள்வது. முத்துலட்சுமியின் வாழ்க்கை தொடங்கியதே இந்தக் குழப்பத்தோடுதான்.

பள்ளிக்கூடம் நின்ற நாள்

1886 ஜூலை 30. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி அய்யர், அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அம்மா வழி உறவுகளோடுதான் முத்துலட்சுமிக்கு நெருக்கம் அதிகம். பொட்டுக்கட்டுதல் என்ற சடங்கின் மூலம் பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் அந்த வீடுகளில் எப்படி வேலை செய்தது என்பதைச் சின்ன வயசிலேயே பக்கத்திலிருந்து பார்த்தவர்.

பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தார். பூப்பெய்தியதும் படிப்பு நின்றது. அது அவருக்கு மட்டும் நடந்ததில்லை. அந்தக் காலத்தில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் அதுதான் விதி. வயசுக்கு வந்த பெண் நாலு பேர் கண்ணில் படக்கூடாது. அடுத்த வேலை மாப்பிள்ளை தேடுவது. அம்மாவுக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது.

நம் மொழியையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரிய மனுஷி ஆயிட்டா, ஆளாயிட்டா, சமைஞ்சுட்டா என்றுதான் சொல்கிறோம். முந்தின நாள் வரைக்கும் பாண்டி ஆடிய பிள்ளை மறுநாள் காலையில் பெரிய மனுஷி. உடம்புக்குள் வருஷக்கணக்கில் மெதுவாக நடக்கிற ஒரு வேலையை, ஒரே நாளில் முடிந்துபோன காரியமாகச் சொல்லிப் பழகிவிட்டோம்.

முத்துலட்சுமியின் அதிர்ஷ்டம், அப்பா படிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தார். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வில் தேறினார். அடுத்து கல்லூரி. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் வந்து உட்காருவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் பட்டம் பெற்றார். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனையை முன்வைத்து, அவர் சம்மதித்த பிறகுதான் கல்யாணம். அப்போது முத்துலட்சுமிக்கு வயசு 27. பன்னிரண்டு, பதிமூன்றில் கல்யாணம் நடந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்றைய மருத்துவத்துக்குத் தெரியாதது

அவர் மருத்துவம் படித்த காலத்தில் பருவமடைதல் பற்றி மருத்துவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? ரொம்பக் கொஞ்சம்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி வைத்த மாதிரி ஆளுக்கொரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரினல் சுரப்பி; பழைய பாடப்புத்தகங்களில் அண்ணீரகச் சுரப்பி. அது கெட்டுப்போனால் ஆளே தேய்ந்து இறந்துவிடுவார் என்பதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-லேயே எழுதிவைத்துவிட்டார். அதன் உள்பகுதியிலிருந்து அட்ரினலின் 1901 வாக்கில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் வெளிப்பகுதி என்னென்ன சுரக்கிறது என்பது 1930-களில்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் மூளை ஹார்மோனின் அமைப்பு 1971-இல்தான் பிடிபட்டது. அதற்குள் முத்துலட்சுமி இறந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

ஆக, இன்றைக்கு ஒரு குழந்தை மருத்துவர் கையில் வைத்திருக்கிற விளக்கம் எதுவும் அவர் கையில் இல்லை. அவருக்கு இருந்தது மகப்பேறு வார்டும், அங்கே வந்து படுத்த தாய்மார்களும்தான். இடுப்பெலும்பு முழுசாக வளராத பெண்ணுக்குப் பிரசவம் தடைபடும். இரத்தசோகை, பேறுகால வலிப்பு, எடை குறைந்த குழந்தை எல்லாமே சிறு வயசுத் தாய்க்கு அதிகம். குழந்தையும் போய், தாயும் போகிற பிரசவங்கள் அன்று சாதாரணம். மாதவிடாய் வந்துவிட்டது என்பதற்காக உடம்பு பிள்ளை பெறத் தயாராகிவிடவில்லை என்பதை அந்த வார்டே காட்டிக்கொண்டிருந்தது.

10, 12, 13, அப்புறம் 16

இந்த விஷயத்தில் சட்டத்தின் கதை வேதனையானது. 1860-இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் உறவுக்குப் பெண்ணின் சம்மத வயதை 10 என்று வைத்தது. 1890-இல் கல்கத்தாவில் புல்மோனி தாசி என்ற, பத்துப் பதினோரு வயசே ஆன சிறுமி, தன்னைவிடப் பல வருஷம் மூத்த கணவனின் வன்முறையால் இறந்தாள். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு, 1891-இல் வயது 12 ஆனது. 1925-இல் திருமண உறவுக்குள் 13 ஆனது. ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பூப்பெய்துவதற்கு முன்பே கல்யாணம் முடிய வேண்டும், பூப்பெய்தியதும் கணவனிடம் அனுப்ப வேண்டும் என்பது சாஸ்திரம். இதில் சட்டம் தலையிடலாமா என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம்.

இந்தச் சூழலில்தான் முத்துலட்சுமி அரசியலுக்குள் வருகிறார். 1926-இல் சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த வருஷம் அவையின் துணைத் தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். 1928 மார்ச்சில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 16 ஆகவும், ஆணின் திருமண வயதைக் குறைந்தது 21 ஆகவும் உயர்த்த வேண்டும் என்று அது கேட்டது. அவை அதை ஏற்றுக்கொண்டது.

16 என்ற எண்ணை நின்று பார்க்க வேண்டும். பூப்பெய்தலோடு திருமணத்தைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றையே அது அறுக்கிறது. பூப்பெய்தி இரண்டு, மூன்று வருஷம் கழித்தும் அவள் பிள்ளைதான். அதுவரை அவள் படிக்கலாம், விளையாடலாம், வளரலாம். அந்த எண்ணுக்கு அர்த்தம் அதுதான்.

டெல்லி அவ்வளவு தூரம் போகவில்லை. 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வைத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணின் வயது 1949-இல் 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. அதாவது, சென்னையில் 1928-இல் கேட்ட 16-ஐத் தாண்டிப் போக நாட்டுக்கு 50 வருஷம் பிடித்தது.

அதே காலத்தில் அவர் இன்னொன்றையும் வலியுறுத்தினார். நகராட்சிகளும் உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் பள்ளிகளில் மாணவர்களுக்கு முறையாக மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது. பிள்ளையின் வளர்ச்சியை ஊர் கண்ணால் அளக்கக்கூடாது, மருத்துவர் அளக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இப்போது அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வண்டியில் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிற மருத்துவக் குழுக்கள் செய்வது அந்த வேலையைத்தான்.

உடம்புக்குள் இரண்டு கடிகாரம்

சரி, அவர் காலத்தில் தெரியாமல் இருந்த அந்த விளக்கம் என்ன? இங்கேதான் அட்ரினல் சுரப்பி வருகிறது.

நம் உடம்பில் பருவ மாற்றத்துக்கு ஒரே கடிகாரம் இல்லை, இரண்டு இருக்கின்றன. முதல் கடிகாரம் அட்ரினல் சுரப்பியில் இருக்கிறது. அதன் வெளிப்பகுதியில் மூன்று அடுக்கு. ஒன்று, உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. இன்னொன்று, நோயையும் பசியையும் அதிர்ச்சியையும் தாக்குப்பிடிக்க வைக்கும் கார்ட்டிசாலை. உள்ளே இருக்கிற மூன்றாவது அடுக்கு, சுமார் ஆறு வயசிலிருந்து எட்டு வயசுக்குள் விழித்துக்கொண்டு, ஆண்தன்மையுள்ள ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கத் தொடங்குகிறது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இது பொது. இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அட்ரினார்க்கி.

இதன் அடையாளங்கள் அக்குளிலும் பிறப்புறுப்பு அருகிலும் முடி, வியர்வை வாடை, எண்ணெய் வடியும் தலை, சில பருக்கள். பெண் பிள்ளைக்கு 8 வயசுக்கு முன்பும் ஆண் பிள்ளைக்கு 9 வயசுக்கு முன்பும் இவை தெரிந்தால், முன்கூட்டிய அட்ரினார்க்கி என்கிறார்கள். பெண் பிள்ளைகளிடம்தான் இது அதிகம். உடல் எடை கூடுதலாக இருக்கும் பிள்ளைகளிடமும், எடை குறைவாகப் பிறந்து பிறகு வேகமாக எடை ஏறிய பிள்ளைகளிடமும் கூடுதலாகப் பார்க்கலாம்.

இரண்டாவது கடிகாரம் மூளையில் இருக்கிறது. ஹைப்போதலாமஸ் கட்டளையிட, பிட்யூட்டரி சுரப்பி வேலையைத் தொடங்க, பெண்ணுக்குச் சினைப்பையும் ஆணுக்கு விதைகளும் விழித்துக்கொள்கின்றன. உண்மையான பருவமடைதல் இதுதான். பெண் பிள்ளைக்கு இதன் முதல் அடையாளம் மார்பு மொட்டு விடுவது. ஆண் பிள்ளைக்கு விதைகள் பெரிதாவது. மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருஷம் கழித்துத்தான் மாதவிடாய் வரும். வந்த பிறகும் முதல் ஓரிரு வருஷம் சுழற்சி ஒழுங்காக இருக்காது. இடுப்பெலும்பு பதின்ம வயதின் கடைசி வரை வளர்கிறது.

இந்த இரண்டு கடிகாரமும் தனித்தனியாக ஓடுகின்றன. அட்ரினல் சுரப்பி வேலை செய்யாத பிள்ளைகளும் பருவமடைகிறார்கள். அட்ரினார்க்கி சீக்கிரம் வந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாதவிடாய் வழக்கமான வயசில்தான் வருகிறது. ஆக, ஏழு வயசுப் பிள்ளையின் அக்குளில் நாலு முடி தெரிவது, அவள் நாளைக்கே வயசுக்கு வரப்போகிறாள் என்பதற்கு அடையாளம் இல்லை. மாதவிடாய் வருவது, அவள் தாயாகத் தயார் என்பதற்கும் அடையாளம் இல்லை. முத்துலட்சுமி வார்டில் பார்த்ததை ஹார்மோன் அளவுகள் இன்றைக்கு இப்படித்தான் உறுதி செய்கின்றன.

உப்பும் ஒரு சிறுவனும்

எல்லாவற்றையும் சும்மா விட்டுவிடலாமா என்றால், இல்லை. சில சமயம் இந்த அடையாளங்களுக்குப் பின்னால் கவனிக்க வேண்டிய நோய் இருக்கும். அதைப் புரிந்துகொள்ள ஒரு சம்பவம் உதவும். அது நடந்தது அமெரிக்காவில், ஆனால் உப்பு விளையும் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

பால்டிமோர் நகரத்தில் மூன்றரை வயசுச் சிறுவன் ஒருவன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அந்த வயசிலேயே அவனிடம் பருவ அடையாளங்கள் தெரிந்தன. அதை ஆராயத்தான் சேர்த்தார்கள். வீட்டில் அவனுக்கு ஒரு விநோதப் பழக்கம். பிஸ்கட் மேல் இருக்கும் உப்பை நக்குவான், உப்பை அப்படியே அள்ளித் தின்பான். அவன் பேசக் கற்ற முதல் சில சொற்களில் உப்பு என்பதும் ஒன்று. மருத்துவமனையில் வழக்கமான சாப்பாடு. உப்பு அள்ளித் தின்ன வழியில்லை. ஒரு வாரத்தில் இறந்துபோனான். அவனுடைய அட்ரினல் சுரப்பி உப்பைத் தக்கவைக்கும் வேலையைச் செய்யவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு நாளும் அவன் உப்புத் தின்று தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்தான். லாசன் வில்கின்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாவும் 1940-இல் இதை எழுதினார்கள். பத்து வருஷம் கழித்து, இந்த வகை நோய்க்குக் கார்ட்டிசோன் மருந்து பலன் தருகிறது என்று காட்டியவர்களில் அதே வில்கின்ஸ் முக்கியமானவர்.

இது பிறவியிலேயே வரும் அட்ரினல் கோளாறு. கார்ட்டிசால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதி குறைவாக இருக்கும். சுரப்பி இன்னும் இன்னும் உழைக்கும். அந்த உழைப்பெல்லாம் ஆண்ட்ரோஜன் பக்கம் வழிந்துவிடும். அதனால்தான் ஆண் பிள்ளைக்கு மூன்று, நாலு வயசிலேயே முடியும் திடீர் உயரமும் தெரிகிறது. பெண் குழந்தைக்குப் பிறக்கும்போதே பிறப்புறுப்பில் மாற்றம் தெரியலாம். கடுமையான வகையில், பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்து, சோர்ந்து, நீர் வற்றி ஆபத்துக்குப் போய்விடும். சிகிச்சை உண்டு, தினமும் மாத்திரை, பச்சைக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் அளவில் உப்பும். பாத்தியில் விளைகிற அதே சோடியம் குளோரைடு அந்தக் குழந்தைக்கு மருந்தாகிறது.

அம்மா, அப்பா இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால்தான் இந்த நோய் பிள்ளைக்கு வரும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் பண்ணும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. வீட்டில் முன்பு ஒரு குழந்தை பிறந்த சில வாரங்களில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பதவியை விட்ட வருஷம்

மறுபடி முத்துலட்சுமிக்கு வருவோம். அவர் வாழ்க்கையிலும் உப்பு ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. 1930-இல் உப்புச் சத்தியாகிரகம். ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்கள். மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி மேலவைப் பதவியை விட்டு விலகினார்.

பதவி போனது, வேலை போகவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் ஏற்கெனவே இறங்கியிருந்தார். கோயில் மானிய நிலத்துக்காகத் தேவதாசியாக ஊழியம் செய்ய வேண்டிய கட்டாயத்திலிருந்து பெண்களை விடுவிக்கும் சட்டத் திருத்தம் 1929-இல் அவர் முயற்சியால் வந்தது. நேர்ந்துவிடுவதையே முழுசாகத் தடை பண்ணும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. அதனால் அவரே தொடங்கியதுதான் அவ்வை இல்லம்.

அந்தச் சிறுமிகளின் பிரச்சினையும் வேறில்லை. உடம்பு வளர்ந்ததும் அவர்கள் குழந்தைகள் என்ற கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர்கள். அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். படிக்க வைத்தார். கைத்தொழில் கற்க வழி செய்தார். பிள்ளையைப் பிள்ளையாக நடத்துவது என்றால் இதுதான்.

தங்கை புற்றுநோயில் இறந்த துக்கம் அவரை விடவில்லை. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தது அந்தத் துக்கம்தான். 1956-இல் பத்ம பூஷண் விருது. 1968 ஜூலை 22-இல், 82 வயசு நிறைய ஒரு வாரமே இருக்கும்போது மறைந்தார்.

இன்று உங்கள் வீட்டில் என்றால்?

முதலில், பயப்பட வேண்டாத நிலை. பெண் பிள்ளைக்கு ஆறு, ஏழு வயசுக்கு மேல் லேசாக முடி, வாடை, ஒன்றிரண்டு பரு, மார்பு வளரவில்லை, உயரம் எப்போதும் போலத்தான் கூடுகிறது. இது பெரும்பாலும் சாதாரண அட்ரினார்க்கி. ஆனாலும் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டி உறுதி பண்ணிக்கொள்வது நல்லது. தினமும் குளியல், பருத்தி உடை, ஓடியாடும் விளையாட்டு, எடையில் கவனம். அவ்வளவுதான். முடியை எடுக்கக் கண்ட களிம்பையும் தடவ வேண்டாம்.

தள்ளிப்போடாமல் போக வேண்டிய நிலைகளும் இருக்கின்றன. பெண் பிள்ளைக்கு 8 வயசுக்குள் மார்பு வளர்ந்தால் அல்லது 10 வயசுக்கு முன்பே மாதவிடாய் வந்தால், ஆண் பிள்ளைக்கு 9 வயசுக்குள் முடியோ பிறப்புறுப்பு வளர்ச்சியோ தெரிந்தால், பிள்ளை ஒரே வருஷத்தில் சட்டென்று உயரமானால், குரல் தடித்தால், அடிக்கடி தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் உயரமாவது நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். ஹார்மோன் முந்தினால் எலும்பும் முந்தி முதிர்ந்து, வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிடும். பள்ளியில் முதல் வரிசை உயரத்தில் இருந்த பிள்ளை கடைசியில் குள்ளமாக நின்றுவிடக்கூடும்.

மருத்துவர் என்ன செய்வார்? உயரம், எடை பார்ப்பார். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுவார். தேவைப்பட்டால் காலை நேரத்து இரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார். மூளையின் கடிகாரம் முந்தி ஓடினால் அதை நிறுத்திவைக்கும் ஊசி இருக்கிறது. சரியான வயசு வந்ததும் ஊசியை நிறுத்தினால் பருவம் தன் வழியில் தொடரும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் எழுதிவைத்த பழைய உயரம், எடைக் குறிப்பு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அது மருத்துவருக்குப் பெரிய உதவி.

மரக்காணம் பக்கம் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மேல்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரியில் ஜிப்மர், சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கின்றன.

பிராய்லர் கோழியால்தான் பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்கள் என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உண்டு. கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அது பிள்ளைக்குப் போகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உடல் எடை கூடுவதற்கும் பருவம் முந்துவதற்கும் உள்ள தொடர்புதான் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆகவே கோழியைத் திட்டுவதை விட, பாக்கெட் நொறுக்குத்தீனியையும் இனிப்புப் பானத்தையும் குறைத்து, பிள்ளையை வெளியே ஓடியாட விடுவது பலன் தரும்.

இன்னொரு முக்கியமான விஷயம். உடம்பு முந்தி வளர்ந்த பிள்ளையின் மனசு முந்தி வளராது. எட்டு வயசு என்றால் எட்டு வயசுதான். வளர்த்தியைப் பார்த்து வயசுக்கு மீறிய வேலையும் பொறுப்பும் கொடுக்காதீர்கள். உறவுக்காரர்கள் கேலி பேச விடாதீர்கள். தப்பான தொடுதல் பற்றி அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லிக்கொடுங்கள். ஆண் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ, 18 வயசுக்கு முன்பு கல்யாண ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்தாலோ 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போடுவதும், தாய்மாமன் சீர் கொண்டுவருவதும் அந்தந்த வீட்டின் சந்தோஷம். அது முடிந்த அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறாளா என்பதுதான் கேள்வி. புதுக்கோட்டையில் ஒரு சிறுமிக்கு அந்த வழி அடைபட்டபோது, அவளுக்கு அப்பா இருந்தார், மன்னர் இருந்தார். உப்பளத்துக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு மன்னர் யாரும் வரமாட்டார். வீட்டில் இருக்கிறவர்கள் தடுக்காமல் இருந்தாலே போதும். பள்ளிக்கூடம் பக்கத்தில்தான் இருக்கிறது.